வழித்தெடுத்த உப்பு

சங்குத்திட்டு என்ற கடலோரக் குப்பத்தை ஒட்டிய மணல்மேட்டில் ஒரு சிறு மடம். அங்கே ஒரு குருவும் வைரவநாதன் என்ற சீடரும் இருந்தார்கள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. மடத்துக்கு வருமுன் வைரவநாதன் மின்பொறியாளர். தலை நரைத்தும் கருவிப் பித்து அவரை விடவில்லை.

மேட்டின் அடியில் குப்பத்துப் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டியிருந்தார்கள். ஊற ஊறத் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடம் நிறைப்பார்கள். அவர்கள் காத்துக் கிடப்பதைப் பார்க்க வைரவநாதனுக்கு மனசு கேட்கவில்லை.

மடத்துக் கொல்லையில் தொட்டி கட்டிக் கடல்நீர் நிரப்பினார். கரி பூசிய துணியை அதில் மிதக்கவிட்டு, மேலே கண்ணாடி சாய்த்தார். வெயிலில் துணி நீரை உறிஞ்சி ஆவியாக்கியது. ஆவி கண்ணாடியில் பட்டு நல்ல தண்ணீராக வழிந்தது. துணியில் நீர் ஏறும் ஓட்டத்திலேயே கொஞ்சம் மின்சாரமும் பிறந்து ஒரு சின்ன விளக்கு எரிந்தது.

குப்பமே வந்து வேடிக்கை பார்த்தது. குரு மட்டும் துணியில் பூத்திருந்த உப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதை என்ன செய்வீர் என்று கேட்டார். வழித்துப் போட்டால் ஆயிற்று என்றார் சீடர். விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அவருக்கு மனத்தாங்கல்.

உப்பு படிந்தால் விளக்கு மங்கும். அது அவருக்குப் பொறுக்காது. அன்றாடம் வழித்துக் கொல்லைச் சரிவில் கொட்டினார்.

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. மழைக்குப் பிறகு ஊற்று இனிக்க வேண்டும். ஆனால் குப்பத்துச் செல்லக்கிளி வெறுங்குடத்தோடு மடத்து வாசலில் வந்து நின்றாள்.

"ஊத்துத் தண்ணி வாயில வைக்க முடியல சாமி. ஒரே உப்புக் கரிப்பு. பிள்ளகுட்டியோட எல்லாரும் கெளம்புறோம்."

வைரவநாதன் பதறிப்போனார். கருவித் தண்ணீர் ஒரு வீட்டுக்கே காணாது. அவர் குருவிடம் ஓடினார். குரு அவரைக் கொல்லைச் சரிவுக்குக் கூட்டிப்போனார். கொட்டிய உப்பில் ஒரு கல்கூட மிச்சமில்லை. மழைநீர் அரித்த தடம் நேராக ஊற்றில் போய் முடிந்தது.

சீடர் அந்தத் தடத்தோடு குருவின் பின்னால் ஊற்றுக்கு இறங்கினார். நல்லதுதானே நினைத்தேன் என்று முனகினார்.

ஊற்றங்கரையில் யாரோ விட்டுப்போன சிரட்டை கிடந்தது. குரு அதை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இதால மொண்டு, கடல்ல கொண்டுபோய் ஊத்தும். நல்ல தண்ணி ஊறுற வரைக்கும்."

"அதுக்கு எவ்வளவு காலம் ஆகும் சாமி?"

"இங்க குடத்தோட உக்காந்திருந்தவங்க யாரும் அதக் கேட்டதில்ல."