முட்புதருக்குள் என்ன இருக்கிறது?

அல்லிக்குளத்தின் கரையில் ஒரு பெரிய முட்புதர் இருந்தது. பந்து போல உருண்டு நின்ற அதற்குள் என்ன இருக்கிறது என்று காட்டில் யாருக்கும் தெரியாது. எட்டிப் பார்த்தவர்களுக்கெல்லாம் மூக்கு கிழிந்ததுதான் மிச்சம்!

பார்க்க முடியாததைப் பற்றிப் பேசத்தானே எல்லோருக்கும் ஆசை? அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டாயிற்று. புதரைப் பற்றி யார் சொல்வது சரியாகப் படுகிறதோ, வெயில் காய வசதியான குளக்கரைப் பாறை அவருக்குத்தான்.

முதலில் அந்தப் பாறை காட்டுப்பன்றியிடம் இருந்தது. "புதர் பூரா ஒரே கட்டி! கல்லு மாதிரி! உள்ள ஓட்டையே கிடையாது!" என்று அது உறுமும்.

ஒருநாள் காற்றில் புதரிலிருந்து ஒரு முள் உதிர்ந்து ஆமை அம்பலத்தாரின் ஓட்டின் மேல் விழுந்தது. ஆமை யோசித்தார்.

"ஒரே கட்டின்னா இந்த முள்ளு எப்படிய்யா தனியா வந்துச்சு? உள்ள பூராவும் மெத்துன்னு பாசி. அதுல, கொழுக்கட்டையில தேங்காப்பல்லு மாதிரி முள்ளு அங்கங்க பதிஞ்சு கிடக்கு!"

அடடா என்றன மிருகங்கள். பன்றி முணுமுணுத்துக்கொண்டே இறங்கியது. அதன் பிறகு ஏழு கோடைகாலம் ஆமைதான் பாறையில் வெயில் காய்ந்தார். பாவம், அந்தச் சுகத்துக்கு அவர் நன்றாகவே பழகிவிட்டார்.

பிறகு வந்தது துடியன் என்ற கீரி. அதற்குக் கை சும்மா இருக்காது. இலந்தைக் கொட்டைகளைப் பொறுக்கிப் புதருக்குள் எறிந்தது.

"மாமா! எறியிற கொட்டையெல்லாம் அந்தப் பக்கம் போய் விழுது!"

"பாசிதானே! துளைச்சுக்கிட்டுப் போகும்" என்றார் ஆமை.

கீரி விடவில்லை. நூறு கொட்டை எறிந்தது, இருநூறு எறிந்தது. திடீரென்று ஒரு கொட்டை மட்டும் எறிந்த வேகத்தில் திரும்பி வந்து அதன் நெற்றியிலேயே அடித்தது!

"ஐயோ! பாசியில பட்ட கொட்டை இப்படித் திரும்புமா? மாமா, உள்ள பெரும்பாலும் வெறும் இடம்! நடுவுல மட்டும் ஏதோ சின்னதா, கெட்டியா இருக்கு!"

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். கீரி சொல்வது சரி என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பாறை என்ன இதமாக இருக்கிறது!

அப்போது முயல் செவந்தி மூச்சிரைக்க ஓடி வந்தாள். அவள் நிறைமாதக்காரி. அவளுடைய வளையை நரி தோண்டிவிட்டது. இப்போது அவளையே துரத்தி வந்துகொண்டிருந்தது.

"புதருக்குள்ள போ அக்கா! உள்ள நிறைய இடம் இருக்கு!" என்று கத்தியது கீரி.

"முள்ளு குத்திச் செத்தா என் குட்டிங்க கதி என்ன? ஆமை மாமா சொல்லட்டும், போறேன்!" என்று அழுதாள் செவந்தி.

எல்லோரும் ஆமையைப் பார்த்தார்கள். வாயைத் திறக்காமல் இருந்தால் பாறை அவருக்கே. செவந்தியின் நிறைவயிற்றைப் பார்த்ததும் ஆமையின் மனசு இளகிவிட்டது.

"நான் சொன்னது தப்பு, தாயி! துடியன் சொல்றதுதான் சரி. தரையோட ஒட்டி உள்ள போ!" என்று கத்திவிட்டுப் பாறையிலிருந்து தானே சறுக்கி இறங்கினார்.

செவந்தி நுழைந்துவிட்டாள். பின்னாலேயே மூக்கை நீட்டிய நரி ஊளையிட்டுக்கொண்டு ஓடியே போனது!

"மாமா! உள்ள தாராளமா இடம்! நடுவுல சின்னதா ஒரு கல்லு!" என்று குரல் வந்தது. மறுநாள் அந்தக் கல்லின் நிழலில் புதிதாய்ப் பிறந்த மூன்று குட்டிகள் கண்மூடித் தூங்கின.

கீரி பாறையில் ஏறி உட்கார்ந்தது. உடனே ஒதுங்கி இடம் விட்டது.

"நீங்க அந்த முள்ளைப் பார்த்து யோசிக்கலேன்னா நான் எதுக்குக் கொட்டை எறியப் போறேன்? பாதிப் பாறை உங்களுக்கு, மாமா!" என்றது. பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஓரத்துல முள்ளெல்லாம் வட்டம் வட்டமா, வரிசையா நிக்குது. கேட்டுக்குங்க!" என்றது.

"வரிசையாவது வட்டமாவது!" என்று புதருக்குள்ளிருந்து சிரித்தாள் செவந்தி. "எல்லாம் காத்துல ஆடிக்கிட்டே இருக்கு. எந்த முள்ளு எப்ப எங்க இருக்கும்னு சொல்லவே முடியல!"

கீரியின் முகம் தொங்கிப் போனது. ஆமை ஓடு குலுங்கச் சிரித்தார். "தள்ளி உட்காருடா துடியா! இனிமே அவளுக்கும் இடம் வேணும்!"

அணுவுக்குள் எட்டிப் பார்க்க முடியாத மனிதர்களும் இதே பாடுதான் பட்டார்கள். பிளக்க முடியாத கெட்டி உருண்டை என்றார்கள். மின்துகள்கள் பதிந்த உருண்டை என்றார்கள். நடுவில் சின்னக் கருவும் சுற்றிலும் வெற்றிடமும் என்றார்கள். மின்துகள்கள் கருவை வட்டப் பாதைகளில் சுற்றுகின்றன என்று சொல்லி, அதையும் மாற்றி, மேகம் போலப் பரவியிருக்கின்றன என்றார்கள்.

தான் சொன்னது தவறென்று தெரிந்ததும் அதை வாய்விட்டுச் சொல்பவரால்தான் அறிவு வளர்கிறது.