பக்கத்து சீட்டு யாருக்கு?

ஃபிளையிங் கிளப் தலைவர் அருணகிரிக்கு பைபாஸ் ஆபரேஷன் ஆகி ஐந்து மாதம். மறுபடி அந்தச் சின்ன விமானத்தை ஓட்ட வேண்டுமென்றால் ஆஸ்பத்திரி டிரெட்மில்லில் நடந்து, இதயப் பரிசோதனையில் தேற வேண்டும். ஐயா நடப்பாரா? மூன்று ஜால்ராக்களோடு வந்து, "தேறிட்டேன்னு எழுதும்மா!" என்று டெக்னீஷியன் பிலோமினாளை அதட்டினார். எழுதாவிட்டால் அவள் வேலைக்கு வேட்டு.

"ஐயா நெஞ்சு இரும்பு!" என்றார்கள் மூவரும்.

"அப்ப எழுதிடறேங்கய்யா." பிலோமினாள் பேனாவைத் திறந்தாள். "முதல் நாள் பக்கத்து சீட்டுல உட்காரப் போறது இவங்கள்ல யாரு? அந்தப் பேரையும் போடணும்."

ஒருவருக்குத் தன் சர்க்கரை வியாதி நினைவுக்கு வந்தது. இன்னொருவருக்கு ஏதோ கல்யாணம். மூன்றாமவர் செருப்பைக்கூட மாட்டவில்லை, கையில் எடுத்துக்கொண்டே ஓடிவிட்டார்.

காலி அறையைச் சுற்றிப் பார்த்த அருணகிரி தொண்டையைச் செருமினார். "அந்த டிரெட்மில்லைப் போடும்மா."

அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.