ரூபனின் வண்டி

“அவருக்கு ஒரே உதையில ஸ்டார்ட் ஆகுமாம். எனக்கு ஏன்க்கா ஆகமாட்டேங்குது?”

குன்னூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஹசீனாவிடம் அருமைநாதன் இப்படித்தான் கேட்டான்.

மோட்டார் சைக்கிள் ஐம்பது வருஷத்துக்கு முந்தையது. அவன் ‘அவர்’ என்றது ரூபனை. ரூபன் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ரூபனின் மனைவி பியூலாவை அருமைநாதன் கல்யாணம் செய்து எட்டு மாதம்.

ரூபன் காலம் முழுக்க அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டவள் ஹசீனாதான்.

அவள் கிக்கரை ஒரு மிதி மிதித்தாள். வண்டி ஓடியது.

அருமைநாதனின் முகம் சுண்டிப்போயிற்று.

“சரிவுல உருட்டி ஸ்டார்ட் பண்ணித்தானே ஓட்டிட்டு வந்தீங்க? இப்ப சூடா இருக்கு. யார் உதைச்சாலும் ஓடும். விட்டுட்டுப் போங்க, காலையில ஆறு மணிக்கு வாங்க.”

அவன் போகவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது.

ரூபனின் மகள் ஜெனிட்டாவுக்குப் பதினோரு வயது. எட்டு மாதமாக அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஏறிக்கொள்ளச் சொல்லித் தினமும் கூப்பிடுகிறான். பேக்கரியிலிருந்து வர்க்கி வாங்கி வைத்துப் பார்த்தான். புது சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பார்த்தான். அவள் நடந்தே போகிறாள்.

“அவங்கப்பா வண்டி என் கையில தெனமும் செத்துச் செத்துப் போறத அவ பாத்துக்கிட்டே போறாக்கா.”

ஹசீனா கார்புரேட்டரைக் கழற்ற ஆரம்பித்தாள்.

மறுநாள் ஆறு மணிக்கு அவன் வந்தபோது வாயைத் திறந்தால் புகை வந்தது. வண்டியின் சீட்டில் பனி படிந்திருந்தது.

அவள் கார்புரேட்டரிலிருந்து கழற்றிய ஒரு சின்னப் பித்தளைத் திருகாணியை அவன் கையில் கொடுத்து, பல்புக்கு நேராகப் பிடித்துப் பார்க்கச் சொன்னாள். நடுவில் ஒரு தலைமுடி நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.

“நேத்து இந்த ஓட்டை தெரியல. ரூபனுக்கு அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல ஓடாம நின்னதுல பெட்ரோல் காஞ்சு அடைச்சிருந்துச்சு,” என்று சொல்லி அதை மாட்டினாள். “அது வண்டியோட தப்பு. இப்ப உங்க தப்பப் பாப்போம். உதைங்க.”

குளிரில் எஞ்சின் பிடிக்க உதவும் சோக்கைப் போட்டு உதைத்தான். மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. சந்தோஷத்தில் சோக்கை எடுத்துவிட்டு ஆக்சிலேட்டரை முறுக்கினான்.

வண்டி இருமிவிட்டு நின்றது.

மறுபடி உதைத்தான். மறுபடி முறுக்கினான். நின்றது.

அடுத்த தடவை எஞ்சின் பிடித்ததும் ஹசீனா ஸ்பேனரால் அவன் விரல்களில் மெல்லத் தட்டினாள். கையை எடுத்தான். வண்டி தடுமாறியது. கை தானாகத் திரும்பப் போயிற்று. மறுபடி ஒரு தட்டு.

“நின்னுடப் போகுதுக்கா.”

“நிக்கட்டுமே. மறுபடி உதைச்சுக்கலாம்.”

நிற்கவில்லை. விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்த சத்தம் மெல்லச் சீரானது. அதன் பிறகுதான் அவள் சோக்கை எடுத்தாள், அதுவும் பாதி.

“ரூபன் நெசமாவே ஒரே உதையில ஸ்டார்ட் பண்ணுவாராக்கா?”

ஹசீனா சிரித்தாள். “மொத வருஷம் முழுக்கத் தள்ளிக்கிட்டுத்தான் வந்தாரு.”

அதற்கு அடுத்த நாள் காலை அருமைநாதன் வண்டியை உருட்டி வந்து வீட்டு வாசலில் நிறுத்தினான். ஜெனிட்டா பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வழக்கமாக அந்த நேரத்தில்தான் அவளைக் கூப்பிடுவான்.

அன்று கூப்பிடவில்லை.

இரண்டாவது உதையில் எஞ்சின் பிடித்தது. அவன் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

வண்டி இருமியது, தடுமாறியது, நிற்கப்போவதுபோல் இழுத்தது. அவன் அசையவில்லை.

கேட்டைத் தாண்டிப் போனவளின் செருப்புச் சத்தம் நின்றது.

சற்று நேரத்தில் எஞ்சின் சத்தம் சீராகிவிட்டதுபோல் அவனுக்குப் பட்டது. சோக்கை எடுக்கக் கையை நீட்டினான்.

“இப்ப எடுக்கக் கூடாது.”

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் இழுத்துக்கொண்டான்.

“எப்ப எடுக்கணும்?”

ஜெனிட்டா கேட்டைத் திறந்து உள்ளே வந்தாள். பையைக் கழற்றிப் படியில் வைத்தாள். எஞ்சின் பக்கமாகக் குனிந்து காதைச் சாய்த்தாள்.

“இருங்க,” என்றாள். “நான் சொல்றேன்.”