அரைச் செம்பு தண்ணீர்

"என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா சாமி?"

கேட்டவர் திருவம்பலம். மடத்துச் சீடர். அறுபத்து நாலு வயது.

குருவான சாமி அவரைவிடப் பத்து வயது இளையவர். குடலில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு சற்று முன்புதான் திரும்பியிருந்தார்.

மருந்து ஏற்றத் தொடங்கிய அன்றே டாக்டரம்மா சொல்லியிருந்தார்: "முடிஞ்ச வரைக்கும் நடக்கட்டும். சின்னச் சின்ன வேலை செய்யட்டும். சோர்வு குறையும்."

டாக்டரம்மாவுக்கு மடத்து முறை தெரியுமா என்ன? சீடன் இருக்கும்போது குரு குடம் தூக்குவதா? நந்தவனத்துக்குச் சாமி தன் கையால் தண்ணீர் ஊற்றுவதையே திருவம்பலத்தால் பொறுக்க முடிந்ததில்லை. நோய் வந்தது நல்ல சாக்காகப் போயிற்று. சாமி கையிலிருந்து குடத்தை வாங்கினார். துடைப்பத்தை வாங்கினார். கடைசியில் கைத்தடியையும் மூலையில் சாத்திவிட்டார்.

மூன்று மாதம் ஓடிவிட்டது.

இன்று டாக்டரம்மா சாமியின் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார்.

"நோய் கொஞ்சம் தின்னுச்சு. மீதியைப் படுக்கை தின்னுருச்சு. இவரை யாரு நடக்க விடாதது?"

திருவம்பலம் மடத்துக்கு வந்த பிறகுதான் உடைந்தார்.

"நீங்க சொல்லி நான் எதை மறுத்தேன் சாமி?"

"தினமும் செம்பைக் கேட்டேனே ஐயா."

கேட்டார்தான். "அந்தச் செம்பையாவது குடுங்க, ஒரு செடிக்காவது ஊத்துறேன்" என்று. "நான் எதுக்கு இருக்கேன்?" என்று ஒவ்வொரு நாளும் சிரித்துக்கொண்டே மறுத்தார் திருவம்பலம்.

"உங்களுக்கு அதுல அவ்வளவு சந்தோஷம்," என்றார் சாமி. "கெடுக்க மனசு வரலை. அது என் தப்பு."

திருவம்பலம் அழுதார். அழுது முடித்துவிட்டுக் கைத்தடியை எடுத்துவந்தார். செம்பில் பாதி தண்ணீர் எடுத்துவந்தார்.

சாமி எழுந்தார். கால் நடுங்கியது. தாங்கப் போன கையை இழுத்துக்கொண்டு திருவம்பலம் பக்கத்திலேயே நடந்தார்.

வாசலை ஒட்டிய துளசி வரைதான் போக முடிந்தது. ஊற்றிவிட்டுச் சாமி அங்கேயே உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

நந்தவனத்தின் கோடியில் சாமி வைத்த நந்தியாவட்டை வாடி நின்றது. சேவை மும்முரத்தில் திருவம்பலம் அதை மறந்தே போயிருந்தார்.

"அதுக்கு நான் ஊத்தட்டுமா சாமி? இல்ல, அதுவும் தப்பா?"

சாமி அந்தத் தூரத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஊத்துங்க. நான் அங்க வந்து சேர்ற வரைக்கும் அது உயிரோட இருக்கணும்."