பெரிய வீட்டுப் பல்லி சொன்ன சொல்

அந்தக் காலத்தில் பல்லிக்குப் பேச்சு வரும். சும்மா பேச்சா, வாய் மூடாத பேச்சு! மதுரைக் கோட்டைக்குள்ளே, ஒன்றை ஒன்று ஒட்டி எட்டு வீடுகள் நின்ற ஒரு சந்தில் அது குடியிருந்தது. எட்டு வீட்டுக்கும் நடுச்சுவர் பொது. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் எட்டு வீட்டிலும் தும்முவார்கள். யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு யாரோடு சண்டை என்று பல்லி சுவர் சுவராக ஓடிப் பார்த்து ஒன்று விடாமல் சொல்லிவிடும்.

சந்தின் நடுவில் இருந்தது பெரிய வீடு. அப்போதே அதற்கு நூறு வயது. அங்கே மருமகளாக வந்த வள்ளிமயிலுக்கு, ஊரார் பேச்சையெல்லாம் கேட்டு ஓய்ந்த பிறகு, ஒன்பதாம் வருடம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பதினாறாம் நாள் தொட்டிலில் போட்டுப் பெயர் வைக்க வேண்டும். கூடத்து உத்திரத்தில் தொட்டில் கட்ட அவள் கணவன் இருளப்பன் கயிற்றோடு வந்து நின்றான்.

"இருங்க, பழைய மரம். மேல குடியிருக்கிறதைக் கேட்டுக்குவோம்" என்றாள் வள்ளிமயில். "ஏ பல்லி, உத்திரம் எப்படி இருக்கு? என் புள்ளை உசிரு, பார்த்துச் சொல்லு."

தூண் வழியாகக் கறையான் ஏறி உத்திரத்துக்குள் புகுந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பல்லிக்குத் தெரியாதா? காலையும் மாலையும் அதற்கு அங்கேதானே பந்தி! உண்மையைச் சொன்னால் மரத்தை மாற்றிவிடுவார்கள். அப்புறம் கொசு கொசுவாகத் துரத்திப் பிடிக்க வேண்டும். பாவி, வயிற்றை நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தது.

"இரும்பு தாயி, இரும்பு! யானையையே கட்டித் தொங்கவிடலாம்."

தொட்டில் ஏறியது. குழந்தையைப் போட்டார்கள். சந்தே கூடி நின்று, பெயரைச் சொல்லு என்றது. வள்ளிமயில் ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு மறு கையைத் தூணில் வைத்தாள். பானை செய்கிறவர் வீட்டுப் பெண். தட்டிப் பார்க்காமல் எதையும் அடுப்பில் ஏற்றாத கை அது. விரல் முட்டி தானாகவே தூணைத் தட்டியது.

உள்ளே ஒன்றுமில்லாத சத்தம். இன்னொரு தட்டு தட்டினாள். மேலிருந்து மண் உதிர்ந்தது.

"ஐயோ, என் தங்கமே!" பிள்ளையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். "எல்லாரும் வெளிய ஓடுங்க!"

கடைசி ஆள் வாசலைத் தாண்டியதும் உத்திரம் விழுந்தது. தொட்டில் நார் நாராகிவிட்டது. இரண்டு பக்கத்து வீட்டுச் சுவர்களும் பிளந்தன.

புழுதி அடங்கியதும், முறிந்த உத்திரத்துக்குள் கறையான் நெளிவது எல்லார் கண்ணிலும் பட்டது. உடைந்த சுவரின் மேல் பல்லி வந்து நின்றது. "தாயி, நான் வந்து..."

"பேசாதே!" வள்ளிமயிலுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "ஒன்பது வருசம் காத்துக் கிடந்து பெத்தேன். உன் சாப்பாட்டுக்கு அவளைப் பலி கொடுக்கப் பார்த்தியே! இனிமே உன் வாயில ஒரு வார்த்தை வரக் கூடாது."

தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சொல்லப் பல்லி வாயைத் திறந்தது. 'உச் உச்' என்ற சத்தம்தான் வந்தது.

எட்டு வீட்டாரும் சேர்ந்து பெரிய வீட்டைத் தூக்கி நிறுத்தினார்கள். வெட்கமில்லாத பல்லி புது உத்திரத்திலும் போய் ஒட்டிக்கொண்டது. யாரும் அதை விரட்டவில்லை, நம்பவும் இல்லை.

அன்று முதல்தான், பல்லி உச்சுக் கொட்டினால் நாம் பேச்சை நிறுத்தி, விரலை மடக்கிப் பக்கத்தில் இருப்பதைத் தட்டுகிறோம். தொட்டில் கட்டிய வீடாக இருந்தால் இரண்டு தடவை.