‘புள்ளைகளுக்கு’ என்று கேட்ட வரம்

அந்தக் காலத்தில், ஆடு மாடெல்லாம் நம்மைப் போலவே வாய் ஓயாமல் பேசித் திரிந்தபோது, பெண்களுக்கு ஒரு பேற்றுக்கு ஒரு பிள்ளைதான். ரெட்டை என்பது ஆடுகளுக்கு மட்டுமே வாய்த்திருந்தது. அதிலும் கன்னி என்ற கறுப்பு வெள்ளாட்டுக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சநஞ்சமல்ல. “ஒத்தையாப் பெத்துக்கிறதெல்லாம் ஒரு பேறா?” என்று தெருவில் போகிற வருகிற பெண்களையெல்லாம் சீண்டிக்கொண்டே இருக்கும்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்த வருஷம் பார்த்துத்தான் கன்னி ரெண்டு குட்டி ஈன்றது. ஒன்று கறுப்பு, ஒன்று செவலை. மடியில் பாலோ ஒரு குட்டிக்கே போதவில்லை. கறுப்பன் முட்டி மோதிக் குடித்துவிடுவான். செவலை, பாவம், மூன்றாம் நாளே தலையைத் தூக்க முடியாமல் துவண்டு விழுந்தது.

கன்னியை வளர்த்தவள் சிலம்பாயி. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து அவளுக்கு ஒரு பிள்ளை உண்டாகி, அதுவும் பிறந்த அன்றே கண்ணை மூடிவிட்டது. அது போய் நான்கு நாள்தான் ஆகியிருந்தது. குடிக்கப் பிள்ளை இல்லாமல் மார்பில் பால் கட்டிக் கல்லாகக் கனத்தது. இனி ஒரு பிள்ளை வாய்க்குமா என்று கேட்கக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது.

கன்னி வாசலில் வந்து நின்றது. அன்றைக்கு அதன் வாயில் கேலி இல்லை.

“சிலம்பாயி, எங் குட்டி போயிடும் போலருக்கு. ஒங்கிட்டப் பால் இருக்கு. கேக்கவே நாக்குக் கூசுது.”

பக்கத்து வீட்டு ஒச்சாயி ஓடி வந்தாள். “அடி ஆத்தி! தாய்ப்பால ஆட்டுக்குட்டிக்கு யாராவது குடுப்பாகளா?”

சிலம்பாயி செவலையை மடியில் எடுத்துப் போட்டு முந்தானையால் மூடிக்கொண்டாள். குட்டி முட்டியபோது வலித்தது, அழுகை வந்தது, மார்பின் பாரமும் குறைந்தது. “குடி சாமி, குடி. அம்மாகிட்டக் குடி” என்றாள்.

இப்படியே ஒரு மாதம் போயிற்று. மழை பெய்து புல் முளைத்தது. துள்ளித் திரிந்த செவலை ஒரு நாள் தண்ணீர்க் குடத்தோடு வந்த சிலம்பாயியைப் பார்த்து, “அம்மே!” என்று கத்தியது. அது பேசிய முதல் வார்த்தை அதுதான். சிலம்பாயி குடத்தை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தானே எட்டு வருஷம் காத்துக் கிடந்தாள்!

கன்னி அவளருகில் வந்தது. “ஒனக்கு என்ன செஞ்சாத் தகும்னு ஒரு மாசமா யோசிச்சேன். ஒங்க வயித்துல கருமுட்டை ஒத்தையா எறங்குது, எங்க வயித்துல ரெண்டா எறங்குது. அந்த ரகசியத்த ஒன் வயித்துக்குச் சொல்லித் தாரேன். சொல்லிட்டா எங்க சாதிக்கே பேச்சு போயிடும். குட்டி கத்துக்கிட்ட அந்த ஒரு வார்த்தை மட்டும் நிக்கும்.”

“வேண்டாம் தாயி! பேச்சு இல்லாம எப்படி இருப்ப? அதுலயும் நீ!”

கன்னிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பேசிப் பேசி ஊரச் சீண்டினதுதான் மிச்சம். எங் குட்டி உசுரோட நிக்குதே, அது போதும். ஒனக்கப்புறம் இந்த வரம் யாருக்குப் போகணும்? சட்டுனு சொல்லு.”

சிலம்பாயி யோசிக்கவே இல்லை. “எம் புள்ளைகளுக்கு” என்றாள்.

“அடி கூறுகெட்டவளே! ஆணும் புள்ளைதான், பொண்ணும் புள்ளைதான். மகளுக்குன்னு கேக்கப்படாதா? ஆம்பள இத வாங்கி எங்க வைப்பான்? சரி, சொன்னது சொன்னதுதான். அவன் சும்மா சுமந்துட்டுப் போயித் தன் மககிட்டக் குடுக்கட்டும்.”

சொல்லிவிட்டு அவள் வயிற்றில் வாயை வைத்து என்னவோ முணுமுணுத்தது. தலையை நிமிர்த்தியபோது கன்னியின் வாயில் “ம்மே” மட்டும்தான் இருந்தது.

அடுத்த வருஷம் சிலம்பாயிக்கு ஆணும் பெண்ணுமாக ரெட்டைப் பிள்ளை பிறந்தது. மகள் ராக்கு அப்பனைப் போலக் கறுப்பு. மகன் சடையன் அம்மாவைப் போல மாநிறம். “ஒரே வயித்துல ஒரே நாள்ல பொறந்துட்டு ஜாடை மாறுமா?” என்று ஒச்சாயி இழுத்தாள். “முட்டை ரெண்டு, மூஞ்சியும் ரெண்டு. கன்னி குட்டிகளப் போயிப் பாரு” என்றாள் சிலம்பாயி. அவள் புருஷன் வீரணன் கைக்கு ஒன்றாகப் பிள்ளைகளை ஏந்திக்கொண்டு முதலில் போனது ஆட்டுக் கொட்டகைக்குத்தான். கன்னி ரெண்டு பிள்ளைகளின் பாதங்களையும் நக்கிக் கொடுத்தது.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். ராக்கு ரெட்டை பெற்றாள். சடையன் பெண்டாட்டிக்கோ ஒவ்வொன்றாகத்தான் பிறந்தது. வரம் அவனிடம் போய் வீணாகிவிட்டது என்று ஊரே கேலி பேசியது. சிலம்பாயி கன்னி சொன்னதை நம்பிக் காத்திருந்தாள். சடையன் மகள் தலைப்பிரசவத்திலேயே ரெட்டை பெற்றாள். சேதி வந்ததும் சிலம்பாயி மடி நிறைய ஆடுகளுக்குப் பிடித்த வேலங்காய் பொறுக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தாள். கன்னியின் வம்சத்துக் குட்டி ஒன்று தூரத்திலேயே அவளைப் பார்த்துக் கத்தியது. “வாரேன் சாமி” என்றாள்.

அன்று முதல்தான் ரெட்டைப் பேறு தாயிடமிருந்து மகளுக்கு இறங்குகிறது, மகனிடம் போனால் அவன் மகள் வரும்வரை சத்தமில்லாமல் காத்துக் கிடக்கிறது. ஆட்டுக்குட்டியும் அன்று முதல்தான் எல்லாப் பேச்சையும் விட்டுவிட்டு, பால் கொடுத்தவளை மறக்காமல், “ம்மே” என்று மட்டும் கூப்பிடுகிறது.