ஜெயிக்காமல் இருக்க ஒரு வழி

"மாஸ்டர், ஜெயிக்காம இருக்கிறதுக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றார் சோலைமலை.

தேன்மொழி நிமிர்ந்து பார்த்தாள். விருதுநகரில் அவளிடம் செஸ் படிக்க வருகிற அத்தனை பேரும் ஜெயிக்கத்தான் வழி கேட்பார்கள்.

"தோத்துறவும் கூடாது" என்றார் அவர். "டிராவும் ஆகக் கூடாது."

"ஆட்டம்னா இந்த மூணுல ஒண்ணு நடந்துதான் ஆகணும் சார்."

"அதான் உங்ககிட்ட வந்தேன்."

சோலைமலைக்கு அறுபது தாண்டிவிட்டது. அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மாஸ்டர் அவருடைய மகளைவிடச் சின்னவள். ஆனால் வகுப்புக்கு வந்தால் செருப்போடு வயதையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அந்த மட்டுக்கும் நல்ல சீடர்.

போனை நீட்டினார். திரையில் ஒரு பாதி ஆட்டம்.

தேன்மொழிக்கு ஒரு பார்வை போதும்.

"ராணியை அவரோட ராஜாவுக்கு முன்னால வச்சா செக்மேட்."

"தெரியும் மாஸ்டர். அதான் வைக்காம இருக்கேன். யானையை அங்கிட்டு ஒரு கட்டம், இங்கிட்டு ஒரு கட்டம் நகர்த்திக்கிட்டுக் கிடக்கேன்."

"எதிர்ல யாரு?"

"அருளப்பன்."

அந்தப் பெயரைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

அருளப்பன் அவருடைய வண்டியில் கண்டக்டராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு மகன் வீட்டோடு கோவைக்குப் போய்விட்டார். போனில் பேச்சும் செஸ்ஸும் ஓடிக்கொண்டுதான் இருந்தன, அருளப்பன் மகளின் கல்யாணம் வரைக்கும்.

கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சோலைமலையை யாரோ ஒரு சம்பந்தி வீட்டு ஆள் எழுப்பிப் பின்னால் போகச் சொன்னார். சோலைமலை பின்வரிசைக்கும் போகவில்லை, பந்திக்கும் போகவில்லை. நேரே விருதுநகர் பஸ் ஏறிவிட்டார்.

'என் வீட்டு விசேஷத்துல கை நனைக்காமப் போனவன் மூஞ்சியில இனி முழிக்க மாட்டேன்' என்று அருளப்பனும் தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டார்.

ரோஷத்தில் இரண்டு பேரும் ஒருவருக்கு ஒருவர் சளைத்தவர்கள் இல்லை. பேச்சு நின்றுபோனது. கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கிய ஆட்டத்தை மட்டும் இருவரும் நிறுத்தவில்லை. காலையில் அருளப்பன் ஒரு காய் நகர்த்துவார். சாயங்காலம் சோலைமலை ஒரு காய்.

"காலையில பாக்கும்போது காய் நகர்ந்திருந்தா அவன் நல்லா இருக்கான்னு அர்த்தம் மாஸ்டர். ஆட்டம் முடிஞ்சா அதுவும் போச்சு."

"அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிடுங்க."

"நானா? நான் எதுக்குக் கூப்பிடணும்? எழுப்பிவிட்டது அவங்க ஆளு."

"சரி. அவரு ஏன் தோத்துட்டேன்னு ஒத்துக்கிட்டு முடிக்கல?"

சோலைமலைக்குச் சிரிப்பு வந்தது. "அவனா? கடைசிக் காய் வரைக்கும் ஆடுறவன் மாஸ்டர் அவன். டெப்போவில எனக்கு ஆட்டம் சொல்லிக் குடுத்ததே அவன்தான். ஒரு தடவைகூடப் பாதியில கையைத் தூக்கினது கிடையாது."

பிறகு சிரிப்பு நின்றது.

"எந்தக் காயும் வெட்டுப்படாம இப்படியே நகர்த்திக்கிட்டு இருந்தா, போனே டிரான்னு சொல்லி முடிச்சிருமாமே. மருமகன் சொன்னாரு."

"ஆமா சார், முடிச்சிரும்."

"அதுக்குள்ள ஏதாச்சும் வழி சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாத ஆட்டமா?"

தேன்மொழி போனைக் கவிழ்த்து வைத்தாள். அலமாரியிலிருந்து மரப் பலகையை எடுத்துக் காய்களை அடுக்கினாள்.

"வாங்க, ஒரு ஆட்டம் போடுவோம்."

சோலைமலை குஷியாக உட்கார்ந்தார். குஷி ரொம்ப நேரம் நீடிக்கவில்லை. குதிரை போனது, யானை போனது, ராணியும் போனது. அவருடைய ராஜா மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றது. மாஸ்டரின் ராணி அடுத்த அடியில் மேட் வைத்துவிடும்.

அவர் காத்திருந்தார்.

தேன்மொழி யானையை ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்த்தினாள்.

சோலைமலை பலகையைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார், ராஜாவை நகர்த்தினார்.

தேன்மொழி யானையை வலப்பக்கம் நகர்த்தினாள்.

"மாஸ்டர், அங்க மேட் இருக்கு."

"தெரியும் சார். நீங்க ஆடுங்க."

ஆடினார். யானை மறுபடியும் இடப்பக்கம் போனது.

"முடிச்சிருங்க மாஸ்டர்."

"என்ன அவசரம்? உட்கார்ந்து பேசிக்கிட்டு இருக்கலாமே."

யானை வலப்பக்கம் வந்தது. சோலைமலைக்குக் காது சுட்டது. நெடுஞ்சாலையில் எத்தனையோ லாரிக்காரர்களோடு மல்லுக்கு நின்றவருக்கு ஒரு மர யானையைப் பார்த்துப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. மாஸ்டரோ சாவகாசமாக ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே யானையை மறுபடியும் தொட்டாள்.

அவர் பலகையில் ஓங்கித் தட்டினார். காய்கள் சரிந்தன.

"என்னைய என்ன கேனப்பயன்னு நெனச்சீங்களா? தோத்தவன்னா அவ்வளவு இளக்காரமா? குத்துறதா இருந்தா குத்திருங்க. கத்தியக் காட்டிக் காட்டி எடுக்காதீங்க!"

கத்திய பிறகுதான் தான் கத்தியது அவருக்கே கேட்டது.

தேன்மொழி கவிழ்ந்து கிடந்த போனை நிமிர்த்தி அவர் பக்கம் தள்ளினாள்.

அருளப்பன் தினமும் காலையில் எழுந்து, கண்ணாடியை மாட்டி, இந்தத் திரையைத் திறந்து பார்ப்பது சோலைமலைக்கு அப்போதுதான் முதல் தடவையாகக் கண்ணுக்குள் தெரிந்தது. தினமும் அங்கே ஒரு யானை ஒரு கட்டம் நகர்ந்திருக்கும். அவருக்கு வெட்கமாக இருந்தது.

ராணியை எடுத்து ராஜாவுக்கு முன்னால் வைத்தார்.

ஆட்டம் முடிந்தது. 'நீங்கள் வென்றுவிட்டீர்கள்' என்றது போன். அடியில் 'மறுபடியும் ஆடலாமா?' என்று ஒரு கட்டம். அதை இவரும் அழுத்தவில்லை. அங்கிருந்தும் ஒன்றும் வரவில்லை.

சோலைமலை திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தேன்மொழி சரிந்த காய்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இருந்த ஒரு வழியும் போயிருச்சு மாஸ்டர். இனி அவன் எப்படி இருக்கான்னு நான் எதை வச்சுத் தெரிஞ்சுக்குவேன்?"

"உங்க கையில இருக்கிறது போன்தானே சார்?"

"ஆமா."

"அதுல பேசவும் முடியும்."

பெட்டியை மூடிக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

சோலைமலை எண்ணை அழுத்தினார். முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டார் அருளப்பன்.

"ஏண்டா, ஒரு ராணிய எடுத்து வைக்க இம்புட்டு நாளாடா உனக்கு? எனக்கு ஆட்டம் தெரியாதுன்னு நெனச்சியா? பாவம் பாக்குறியா? நீ என்னடா என்னையப் பாவம் பாக்குறது?"

திட்டு நின்றபாடில்லை. டெப்போவில் கேட்ட திட்டு, கேட்காத திட்டு எல்லாம் வந்தது. கடைசியில் அருளப்பனுக்கு மூச்சு வாங்கியது.

"வைக்கிறேன்" என்றார்.

"வச்சிராதடா" என்றார் சோலைமலை. "இன்னும் கொஞ்சம் திட்டு."